ஆயரை ஆளாக்குவது கல்லூரியா, சேகரமா? பி.டி. படிப்பை மாற்றும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஆயர் பயிற்சியை மாற்ற வேண்டும் என்று திருமண்டலக் கூட்டத்தில் (திருமண்டலம் என்பது ஒரு பேராயரின் ஆளுகையிலுள்ள சபைகள்) யார் எழுந்து சொன்னாலும் மறுப்பு வராது. புதிதாக வரும் ஐயருக்குப் பிரசங்கத்தை முடிக்கத் தெரியவில்லை, வீடு சந்திக்க நேரமில்லை, கணக்குப் புத்தகத்தைக் கண்டால் பயம், வாலிபர்களிடம் பேச்சுக் கொடுக்கத் தெரியவில்லை என்று ஆளுக்கொரு குறை கைவசம் இருக்கும். ஒவ்வொரு குறைக்கும் மருந்தாக ஒரு புதுப் பாடத்தைச் சொல்வார்கள்: மனநல ஆலோசனை, நிர்வாகம், சட்டம், ஊடகம், சுற்றுச்சூழல். சரி, இவற்றை வைக்க எதை எடுப்பது என்று கேட்டால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பாடங்களைக் கூட்டிக் கழிப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. ஓர் ஆயரை ஆளாக்கும் பொறுப்பில் கல்லூரிக்கு எவ்வளவு, சேகரத்துக்கு, அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் விடப்படும் சபைகளுக்கு, எவ்வளவு, எது முதலில், எது பிறகு? பிற நாடுகளும் நம் ஊரும் இதற்குக் கண்ட வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நம் ஊரில் ஆயர்கள் வாங்கும் இறையியல் பட்டமான பி.டி. என்றால் பெரும்பாலும் செராம்பூர் பி.டி.தான். கேரி, மார்ஷ்மேன், வார்டு என்ற ஆங்கிலேய மிஷனரிகள் மூவரும் 1818ல் கல்கத்தாவுக்கு அருகே செராம்பூர் என்ற டேனியர் குடியிருப்பில் தொடங்கிய கல்லூரிக்கு, 1827ல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடரிக் பட்டயம் கொடுத்தார். பட்டம் வழங்கும் உரிமை அதில் இருந்தது. 1845ல் தரங்கம்பாடியோடு சேர்த்து செராம்பூரையும் டேனியர் ஆங்கிலேயரிடம் விற்றபோதும் அந்த உரிமை பிழைத்துக்கொண்டது. ஆனாலும் முதல் இறையியல் பட்டங்கள் 1915ல்தான் வழங்கப்பட்டன. 1918ஆம் ஆண்டின் வங்கச் சட்டம் அதற்கு இன்றைய அமைப்பைக் கொடுத்தது. இன்று பட்டம் வழங்கும் செராம்பூர் கல்விக்குழுவான செனட்டோடு இணைந்த கல்லூரிகள் ஐம்பதுக்கும் மேல். ஐசாலின் பிரஸ்பிட்டேரியன் மாணவரும், கோட்டயத்தின் ஆர்த்தடாக்ஸ் மாணவரும், மதுரை அரசரடியில் படிக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மாணவரும் ஒரே செனட்டின் பட்டத்தைத்தான் வாங்குகிறார்கள். இலங்கையில் பிலிமத்தலாவையில் 1963ல் தொடங்கி, சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கும் இறையியல் கல்லூரியும் இதே குடையின்கீழ் வருகிறது.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. பாடத்திட்டத்தில் ஒரு தாளை மாற்றுவதற்கே இத்தனை சபைப் பிரிவுகளும் ஒத்துப்போக வேண்டும். அது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் மாணவர் எங்கே தங்கிப் பழகுகிறார், யார் மேற்பார்வையில் பழகுகிறார், எந்த மொழியில் கற்கிறார் என்பவற்றில் கல்லூரிக்கும் அனுப்பிவைக்கும் திருமண்டலத்துக்கும் கணிசமான கை உண்டு. செனட் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போதைய பாதை தெரிந்ததுதான். திருமண்டலம் ஆளைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கும். அவர் நான்கைந்து ஆண்டு விடுதியில் தங்கி வேதாகமம், சபை வரலாறு, இறையியல், பிற சமயங்கள், அருள்பணி என்று படிப்பார். ஞாயிறுகளில் பக்கத்துச் சபைக்குப் போவார். விடுமுறையில் சில வாரம் ஒரு மூத்த ஆயரோடு இருப்பார். பட்டம் வாங்கி வந்ததும் சிறிது காலம் பயிற்சி நிலை, பிறகு உதவிகுருவாகவும் குருவாகவும் அபிஷேகம், பிறகு கையில் ஒரு சேகரம். தென் மாவட்டங்களில் சேகரம் என்றால் ஒரு கோயில் மட்டுமில்லை. சுற்றியுள்ள கிராமச் சபைகள், அவற்றை ஆயருக்குத் துணையாக நடத்தும் உபதேசியார்கள், பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம் என்ற பழைய வழக்கு, சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையின் கணக்கு, 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி வைக்க வேண்டிய பதிவேடு, அதைப் பதிவாளருக்கு அனுப்பும் பொறுப்பு, எல்லாம் சேர்ந்ததுதான் சேகரம். ரோமர் நிருபத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் இதன்முன் திகைத்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

முதல் வழி, இருப்பதை இருக்கவிட்டுப் பாடங்களை மட்டும் மாற்றுவது. செலவில்லாத வழி, எதிர்ப்பில்லாத வழி. அதனாலேயே பெரும்பாலும் இதுதான் தேர்வாகிறது. இதன் சிக்கல், எந்தத் திறமையைப் பாடமாக்கினாலும் அது கடைசியில் தேர்வுக் கேள்வியாகிவிடும் என்பது. துக்க வீட்டில் என்ன பேசுவது என்பதற்கு ஐந்து குறிப்புகள் எழுதத் தெரிந்தவருக்கு, வாகன விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரியும் என்று நினைக்க முடியாது. சட்டமும் கணக்கும் அப்படியில்லை, அவற்றைச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு ஒரு பருவம் வேண்டாம். விவரம் தெரிந்த ஒரு தணிக்கையாளரும் ஒரு வழக்கறிஞரும் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும்.

ஜெர்மனி இதற்கு நேர் எதிரான விடையைக் கொடுத்திருக்கிறது. அங்கே புராட்டஸ்டன்ட் ஆயராக விரும்புகிறவர் பல்கலைக்கழகத்தின் இறையியல் துறையில் சட்ட மாணவரோடும் மருத்துவ மாணவரோடும் ஒரே வளாகத்தில் படிப்பார். லத்தீன், கிரேக்கம், எபிரேயம் மூன்றுக்கும் தேர்வு உண்டு. மொழிகளைச் சேர்த்தால் படிப்பு ஐந்து ஆண்டைத் தாண்டும். அதன் முடிவில் திருச்சபை நடத்தும் முதல் தேர்வு. இதுவரைக்கும் அவர் ஒரு சபையைக்கூடப் பொறுப்பேற்று நடத்தியிருக்க வேண்டியதில்லை. அதன்பிறகுதான் விகாரியாட் என்ற இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட பயிற்சிக் காலம். ஒரு சபையில், ஒரு வழிகாட்டி ஆயரின்கீழ், சம்பளத்தோடு. நடுநடுவே பிரசங்கப் பயிற்சி நிலையத்துக்குப் போய் வர வேண்டும், பள்ளியில் சமயப் பாடமும் எடுக்க வேண்டும். முடிவில் இரண்டாம் தேர்வு. முதலில் முழுக்கப் படிப்பு, பிறகு முழுக்கப் பழக்கம்.

இந்த முறையைக் கேலி செய்வது எளிது. எபிரேயம் தெரிந்தவர்கள் இருந்தும் அங்கே கோயில்கள் காலியாகத்தானே கிடக்கின்றன என்பார்கள். அது நியாயமான வாதம் இல்லை, கோயில் காலியாவதற்குக் காரணங்கள் வேறு. இதில் நாம் பார்க்க வேண்டியது அந்த இரண்டாம் கட்டத்தை. பட்டம் வாங்கியதும் பயிற்சி முடிந்துவிட்டது என்று ஜெர்மன் திருச்சபைகள் நினைப்பதில்லை. அதற்கென்று ஊதியம், ஆள், நிலையம், தேர்வு என எல்லாம் ஒதுக்குகின்றன. நம்மிடமும் பட்டத்துக்குப் பிறகு ஒரு பயிற்சி நிலை இருக்கிறது. ஆனால் ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் சுருங்குவது அதுதான். பெயர் ஒன்று, நடப்பது வேறு. ஜெர்மனியின் உண்மையான பலவீனம் நீளம். முப்பதைத் தொடும் வயதில்தான் ஒருவர் ஆயராகிறார். மாணவர் எண்ணிக்கை குறைந்துவர, வேறு பட்டமும் வேலை அனுபவமும் உள்ளவர்கள் குறுக்கு வழியில் சேர மார்பர்க், ஹைடல்பர்க் பல்கலைக்கழகங்கள் ஒரு முதுகலைப் படிப்பைத் திறந்துவிட்டிருக்கின்றன. இத்தனை நீளத்தை நம் குடும்பங்கள் தாங்கா.

இங்கிலாந்து திருச்சபை எடுத்த முடிவு இன்னும் சுவையானது. முன்பு அங்கே ஒவ்வொரு குருமடமும் தனக்குப் பிடித்த பல்கலைக்கழகத்தோடு பட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தது. 2014 முதல் டர்ஹம் பல்கலைக்கழகத்தின் பொதுப் பட்டத் திட்டத்தின்கீழ் பெரும்பாலானவை வந்தன. பட்டம் ஒன்றாகிவிட்டது, ஆனால் அதற்குப் போகும் வழிகள் பலவாயின. கேம்பிரிட்ஜ் வெஸ்ட்காட் ஹவுஸ் போன்ற இடத்தில் தங்கிப் படிக்கலாம். வேலையில் இருந்துகொண்டே மாலை வகுப்பிலும் வார இறுதியிலும் படிக்கலாம். மூன்றாவது வழிதான் பேச்சுக்குரியது: வாரத்தின் பெரும்பகுதியை ஒரு சபையில் பணியாளராகக் கழித்து, ஒரு நாள் வகுப்புக்கு வருவது. லண்டன், செல்ம்ஸ்ஃபோர்டு பேராயர்கள் சேர்ந்து 2007ல் தொடங்கிய செயின்ட் மெலிட்டஸ் கல்லூரி இந்த வழியைப் பெரிதாக வளர்த்தது. திங்கள் காலை வகுப்பில் கேட்டது புதன்கிழமை ஒரு வீட்டில் உதவுகிறது. சனிக்கிழமை சபையில் எழுந்த கேள்வி அடுத்த திங்கள் வகுப்புக்கு வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊரிலும் சிலர் இதைத்தான் கேட்கிறார்கள்: ஆளை விடுதியில் அடைத்து வைப்பானேன், சபையில் விட்டு வாரம் ஒருநாள் படிக்கவைக்கலாமே?

இங்கே இரண்டு இடறல்கள். ஒன்று, இங்கிலாந்தில் எந்த வழியில் படித்தாலும் அபிஷேகத்துக்குப் பிறகு மூன்று நான்கு ஆண்டு உதவிக் குருவாக ஒரு பயிற்சி ஆயரின்கீழ் இருந்தாக வேண்டும். படிப்பில் விட்டுப்போனது அங்கே சரியாக இடம் உண்டு. அந்தத் தாங்குபலகையை விட்டுவிட்டுப் படிப்பு முறையை மட்டும் இறக்குமதி செய்தால், அரைப் படிப்போடு ஒருவர் முழுச் சேகரத்தை ஏற்க நேரும். இரண்டாவது இடறல் நமக்கே உரியது. நம் சபையில் ஏற்கெனவே ஆள் குறைவு. படிக்கும் பிள்ளை கையருகே இருக்கிறார் என்றால், அடக்கத்துக்கு அவர், வீட்டு ஜெபத்துக்கு அவர், மின்கட்டணம் கட்டவும் அவர். வாரம் ஒருநாள் வகுப்பு என்று தாளில் இருக்கும். அந்த நாளில்தான் பிஷப் ஊருக்கு வருவார்.

வளாகத்தை விட்டே விலகிய வழி ஒன்றும் உண்டு. 1963ல் குவாத்தமாலாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் குருமடம், தலைநகருக்கு வந்து படித்தவர்கள் தங்கள் கிராமத்துக்குத் திரும்பாததைக் கண்டு, வழியைத் திருப்பிப் போட்டது. மாணவர் வீட்டிலேயே பாடநூலை வைத்துப் படிப்பார், ஆசிரியர் வாரம் ஒருமுறை பக்கத்து ஊர் மையத்துக்கு வந்து கலந்துரையாடுவார். சபையில் ஏற்கெனவே தலைவராக இருக்கிற விவசாயியும் கடைக்காரரும் இப்படிப் படிக்க முடிந்தது. விரிவாக்க இறையியல் கல்வி என்ற பெயரில் இது உலகம் முழுக்கப் பரவி, 1971ல் பெங்களூரில் டாஃப்டீ அமைப்பாக இந்தியாவுக்கும் வந்தது. செராம்பூர் செனட்டும் வெளியிலிருந்து படிப்பவர்களுக்குக் கிறிஸ்தவ இயல் பட்டங்களை நடத்துகிறது. இன்று இணைய வகுப்பு என்று பேசுவோர் பெரும்பாலும் இதன் புது உருவத்தைத்தான் கேட்கிறார்கள். குவாத்தமாலாவின் மூளை அந்த வாராந்தரச் சந்திப்பில் இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். காணொளியும் பாடநூலும் ஆளைப் படிப்பாளி ஆக்கும். ஆயர் ஆக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. உபதேசியார்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது; திருமண்டலங்கள் இதற்கு ஒதுக்கும் கவனம் போதாது. ஆனால் குருப்பட்டத்துக்கான பாதையாக இதை ஒதுக்கிவிடலாம் என்பது என் கட்சி.

பொதுப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைப்பது இன்னொரு யோசனை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவ இயல் துறை இருக்கிறது. அங்கே கிறிஸ்தவம் ஆய்வுப் பொருளாகப் பயிலப்படுகிறது, இந்து மாணவரும் முஸ்லிம் மாணவரும் சேரலாம். அது நல்ல காரியம். எம்.ஏ. படிப்புக்குப் பிறகு திருமண்டலம் தனியே இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்தால் ஜெர்மன் முறை வந்துவிடுமே என்பார்கள். ஜெர்மனியில் அந்தப் பேராசிரியர் நியமனத்தில் திருச்சபைக்குச் சொல் உண்டு, பாடத்திட்டத்துக்கும் திருச்சபைத் தேர்வுக்கும் பிணைப்பு உண்டு. இங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பிணைப்பைக் கேட்பது நடக்காத காரியம், கேட்கவும் கூடாது.

இனி நம் வீட்டுக்குள் பார்க்கலாம். இந்தியாவில் புராட்டஸ்டன்ட் குருவாக முதலில் அபிஷேகம் பெற்றவர் ஆரோன். 1733 டிசம்பரில் தரங்கம்பாடியில். அவர் எந்தப் பட்டமும் வாங்கவில்லை. 1718ல் திருமுழுக்குப் பெற்று, உபதேசியாராகப் பல ஆண்டுகள் கிராமம் கிராமமாக நடந்தவர். சபை அவரைப் பார்த்துப் பழகிய பிறகுதான் குருப்பட்டம் வந்தது. முதலில் பழக்கம், பிறகு பதவி. இருநூறு ஆண்டு கழித்து, 1930களில், திருநெல்வேலிச் சீமையின் திருமறையூர் குருமடத்துக்கு ஸ்டீபன் நீல் தலைவராக இருந்தார். கேம்பிரிட்ஜில் மேற்படிப்பு முடித்த அந்த ஆங்கிலேயர் தமிழில் வகுப்பெடுத்தார். அது அன்று ஒரு கொள்கை முடிவு. பெங்களூரில் 1910ல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி ஆங்கில வழியில் நாடு முழுவதற்கும் ஆயர்களைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, கிராமச் சபைக்கு வேண்டிய குருவைக் கிராமத்தின் பேச்சிலேயே பயிற்ற வேண்டும் என்று திருமறையூர் நினைத்தது.

அந்த நினைப்பின் தொடர்ச்சி மதுரை அரசரடியில் இருக்கிறது. 1969ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி செராம்பூர் பி.டி.யைத் தமிழில் கற்பிக்கிறது. அதைவிட முக்கியமாக, மாணவர்களை வளாகத்துக்கு வெளியே அனுப்பி, குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் தங்க வைத்து, அந்த வாழ்க்கையைப் படிப்பின் ஒரு கட்டமாகவே ஆக்கியது. அவர்கள் அங்கே ஆயராகப் போகவில்லை. அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவராகப் போனார்கள். தண்ணீர்க் குழாயடியில் நின்றார்கள், கூலி வேலைக்கும் போனார்கள். பிறகு வளாகத்துக்குத் திரும்பி, அங்கே பார்த்ததைக் கையில் வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் திறந்தார்கள். அக்கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு கிராமியப் பாட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்ததற்கு இந்தச் சூழலும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

ஜெர்மன் முறையையும் இதையும் ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஜெர்மனியில் பழக்கம் படிப்புக்குப் பிறகு வருகிறது. அங்கே எழும் கேள்வியை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் திரும்பிப் போக வழியில்லை, அவர் வேறு மாணவரிடம் போய்விட்டார். இங்கிலாந்தின் மூன்றாம் வழியில் இரண்டும் ஒரே வாரத்தில் மோதிக்கொள்கின்றன, எதற்கும் நிதானம் இல்லை. அரசரடி கண்ட ஒழுங்கில் போவதும் உண்டு, திரும்பி வருவதும் உண்டு. திரும்பி வருகிற அந்தக் கடைசிக் காலம்தான் படிப்பில் விலை உயர்ந்தது என்பேன். கேள்வியோடு வருகிற மாணவர் எதிரே உட்கார்ந்தால் பேராசிரியரும் பழைய குறிப்பை வாசித்து ஒப்பேற்ற முடியாது.

வெளியே போகிற காலத்தில் வெறும் அனுபவம் போதாது என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி மருத்துவமனைகளிலிருந்து கிடைக்கிறது. 1925ல் அமெரிக்காவின் வுஸ்டர் மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் இறையியல் மாணவர்களை நோயாளிகளோடு பழகவிட்டுப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அவரே முன்பு மனநோய்க்காக மருத்துவமனையில் இருந்தவர். நூல்களைப் படிப்பதுபோல மனிதரையும் கவனமாகப் படிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அதிலிருந்து வளர்ந்த மருத்துவமனை அருள்பணிப் பயிற்சி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் நடக்கிறது. அதன் உயிர்நாடி ஒரு சின்னப் பழக்கம். நோயாளியோடு பேசியதை மாணவர் நினைவிலிருந்து அப்படியே எழுத வேண்டும்: அவர் இப்படிச் சொன்னார், நான் இப்படிச் சொன்னேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நான் உடனே ஜெபிக்கலாமா என்றேன். பிறகு அதைச் சக மாணவர்களுக்கும் மேற்பார்வையாளருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும். ஏன் அந்த நேரத்தில் ஜெபத்துக்கு ஓடினீர்கள், அவர் அழுதுவிடுவார் என்று பயமா என்று கேட்பார்கள். ஒரு முறை அந்த அறையில் உட்கார்ந்தவர் அடுத்த துக்க வீட்டுக்குள் வேறு மாதிரி நுழைவார். நம் சேகரங்களில் பயிற்சிக்கு வரும் மாணவருக்கு இந்த மாதிரி ஓர் அமர்வு வாரம் ஒன்று கிடைத்தால் போதும், புதுப் பாடம் எதுவும் வேண்டாம்.

தங்கிப் படிப்பதை முழுக்கக் கைவிட நான் தயங்குவதற்குப் படிப்பை மீறிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைக் கூட்டங்களில் யாரும் சொல்லமாட்டார்கள். சாதி. நம் சபைகள் பல ஊர்களில் ஒரே சாதியின் சபைகள். அந்தச் சபையில் பிறந்து, அந்தச் சபையிலேயே பயிற்சி பெற்று, வாரம் ஒருநாள் வகுப்புக்கு மட்டும் போய் வருகிறவர், வேறு சாதி மாணவரோடு ஒரே அறையில் படுக்காமல், ஒரே விடுதிச் சாப்பாட்டு மேசையில் நான்கு ஆண்டு உட்காராமல் குருவாகிவிடுவார். விடுதியிலும் சாதி நுழையும்தான், இல்லையென்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் அங்கே அதைப் பேசவும் எதிர்க்கவும் முடிகிறது. தலித் மக்களின் அனுபவத்திலிருந்து பேசும் தலித் இறையியலின் தொடக்கமாகக் குறிப்பிடப்படும் அர்விந்த் நிர்மலின் உரை 1981ல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில்தான் நிகழ்ந்தது. பின்னர் அவர் சென்னையில் குருகுலம் என்ற இறையியல் கல்லூரியில் அதற்கென்றே ஒரு துறையை நடத்தினார். எந்தச் சேகரக் கமிட்டியும் அப்படியொரு துறைக்குத் தீர்மானம் போட்டிருக்காது. சபையிலிருந்து சற்றுத் தள்ளி நின்று சபையைப் பார்க்கும் ஓர் இடம் வேண்டும். அதற்குத்தான் கல்லூரி.

அதே விடுதி பெண்களுக்கு வேறு முகம் காட்டுகிறது. சி.எஸ்.ஐ. 1976லேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கிய திருச்சபை. 2013ல் நந்தியாலில் புஷ்ப லலிதா பேராயராகவும் ஆனார். ஆனாலும் மணமாகிக் குழந்தை உள்ள ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்டு விடுதி என்பது பெரும்பாலும் மூடிய கதவு. மணமான ஆண் மாணவருக்குக் குடும்பக் குடியிருப்பு கிடைத்தால் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவந்துவிடுவார். கணவரைக் கூட்டிவரச் சொன்னால் ஊர் சிரிக்கும். விரிவாக்கக் கல்வியும் இங்கிலாந்தின் பகுதிநேர வழியும் இந்த இடத்தில் உண்மையாகவே மேலானவை. ஆகவே முழுக்கத் தங்கிப் படிப்பதை மட்டுமே ஒரே வழியாக வைப்பதும் சரிவராது. முதல் இரண்டு ஆண்டின் பாடங்களில் பாதியை, வெளியிலிருந்து படித்துத் தேர்வெழுதிச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தால், விடுதிக் காலம் சுருங்கும். இதில் ஆண் பெண் வேறுபாடு காட்ட வேண்டாம், நாற்பது வயதில் அழைப்பைப் பெறும் அரசு ஊழியருக்கும் இது உதவும்.

மொழிகளைப் பற்றி இரண்டு வரி. கிரேக்கத்தையும் எபிரேயத்தையும் எடுத்துவிட்டு அந்த நேரத்தை வேறு பாடத்துக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. இரண்டில் ஒன்றை உருப்படியாகப் படிக்க வைத்தால் போதும் என்று நினைக்கிறேன். முற்றிலும் எடுத்துவிட்டால், தெருமுனையில் இணையப் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து, மூலத்தில் இப்படியிருக்கிறது ஐயா என்று சொல்லும் வாலிபருக்கு ஆயரால் பதில் சொல்ல முடியாமல் போகும். அதைவிட அவசரமானது கற்பிக்கும் மொழி. ஆங்கிலத்தில் நான்கு ஆண்டு விடை எழுதிப் பழகியவர் மேடையேறும்போது தமிழ் அவருக்கு மொழிபெயர்ப்பாக வருகிறது, கேட்கிறவருக்கும் அது தெரிகிறது. ஆங்கிலத்தில் படிக்கட்டும், தமிழில் எழுதட்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் என் தேர்வு இது. நான்கு ஆண்டில் முதல் இரண்டும் கல்லூரியில்: வேதாகமம், ஒரு மூலமொழி, வரலாறு, இறையியலின் அடித்தளம். மூன்றாம் ஆண்டு முழுவதும் வெளியே. அதில் சில மாதம் அரசரடி மாணவர்கள் போனதுபோல அங்கியும் பதவியும் இல்லாமல் ஒரு குடியிருப்பில். மீதி ஒரு சேகரத்தில், வழிகாட்டி ஆயரின்கீழ், வாரம் ஓர் உரையாடல் பதிவோடு. அந்தச் சேகரம் மாணவரின் சொந்தச் சாதிக்காரர் மிகுந்த பகுதியில் இருக்கக்கூடாது. சொந்தத் திருமண்டலமாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது. நான்காம் ஆண்டு மீண்டும் கல்லூரி. இதற்குச் செனட்டின் பாடத்திட்டம் தலைகீழாக மாற வேண்டியதில்லை. தாள்களின் வரிசையும் ஓராண்டின் இடமும்தான் மாறுகின்றன. வெளியே இருந்த ஆண்டுக்கு மதிப்பெண்ணில் கணிசமான பங்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் மாணவர் அந்த ஆண்டை எப்படியோ கடத்திவிட்டு நான்காம் ஆண்டுத் தேர்வுக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுவார்.

இதில் செலவு மாணவரிடம் இல்லை, திருமண்டலத்திடம் இருக்கிறது. ஓராண்டு மாணவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுப்பது பெரிய தொகை ஆகாது. கடினமானது வழிகாட்டி ஆயரைத் தேடுவது. மூத்தவர் என்பதற்காக ஒருவரைப் போடக்கூடாது, பெரிய சபையில் இருக்கிறார் என்பதற்காகவும் போடக்கூடாது. தன் தவறை ஒரு மாணவருக்கு முன்னால் எடுத்துப் பேசக்கூடிய ஆயர்தான் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஒரு திருமண்டலத்தில் நான்கைந்து பேர் கிடைத்தாலே பாக்கியம். கிடைத்தவர்களையும் மாணவர்களைப் பெறுவதற்கு முன்னால் வேலூருக்கு அனுப்பி அந்த உரையாடல் பதிவு முறையைப் பழகிவரச் சொல்ல வேண்டும். திரும்பி வந்தால் அவருடைய மற்றப் பொறுப்புகளில் ஒன்றிரண்டைக் குறைக்க வேண்டும். பள்ளித் தாளாளர் பொறுப்பை அந்த ஆண்டு வேறு ஒருவரிடம் கொடுக்கலாம்.

முக்கியமானது இடமாற்றம். ஏப்ரல், மே மாதங்களில் ஆயர்களை மாற்றும்போது, மாணவர் கையில் இருக்கிற வழிகாட்டி ஆயரை மாற்றமாட்டோம் என்று திருமண்டல நிர்வாகக் குழு எழுத்தில் தீர்மானம் போட வேண்டும். திருமண்டலத் தேர்தல் ஆண்டாக இருந்தாலும். அந்தத் தீர்மானம் போட முடியாத திருமண்டலம் இந்த மாற்றத்தைத் தொடங்க வேண்டாம். தன் மாணவர்களை இப்போதிருப்பதுபோல நான்கு ஆண்டும் விடுதியிலேயே விட்டுவைக்கலாம். அங்கே குறைந்தபட்சம் நூலகமாவது அதே இடத்தில் இருக்கும்.